சேணம் கட்டும்போது கடிக்கும் குதிரைக்கு எந்த கர்த் வாங்கலாம்?

சேணத்தைக் குதிரை முதுகில் நிறுத்திப் பிடிக்கும் வயிற்று வாரைத்தான் கடைகளில் கர்த் என்று கேட்டு வாங்குகிறோம். அதை இழுத்து மாட்டும் நேரத்தில் காதைப் பின்னுக்கு மடக்கி, கழுத்தைத் திருப்பிக் கடிக்கிற குதிரை கையில் இருந்தால், பலரும் முதலில் மாற்றிப் பார்ப்பதும் இதைத்தான். இங்கே கிடைக்கும் ஐந்து வகை கர்த்துகளை அந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து எடைபோடுகிறேன்: கடிக்கும் குதிரைக்கு எது உதவும், எது நிலைமையை இன்னும் கெடுக்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால் வரும் இடத்தைக் குழிவாக வெட்டி, நெஞ்சுக்குக் கீழே அகலமாக வைத்து, இரண்டு முனையிலும் ஒரே அளவு எலாஸ்டிக் தைத்த வளைவு கர்த்துக்குத்தான் என் ஓட்டு. அவ்வளவு செலவு செய்ய முடியாவிட்டால் பருத்திக் கயிற்று கர்த். நைலான் பட்டையும், ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் உள்ளதும் இப்படிப்பட்ட குதிரைக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் கர்த்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் எந்த கர்த்தை வாங்கினாலும் காசு வீண்.

குதிரை எந்தக் கட்டத்தில் கடிக்கிறது?

குதிரை திமிரால் கடிக்கிறது என்று லாயங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான நேரத்தில் அது வலியைச் சொல்கிறது, அல்லது நேற்று வலித்தது இன்றும் வலிக்கும் என்று எதிர்பார்த்து முந்திக்கொள்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள, சேணம் கட்டும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதலில் சேணமே இல்லாமல், விரல்களைத் தட்டையாக வைத்து, தோள்மேட்டிலிருந்து (பிடரிமயிர் முடியும் இடம்) முதுகின் இரு பக்கமும் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு முழங்கைக்குப் பின்புறம், நெஞ்செலும்பின் அடிப்பகுதி, அங்கிருந்து வயிறு. நகத்தாலோ விரல் நுனியாலோ குத்தக் கூடாது. குத்தினால் நல்ல குதிரையும் துள்ளும், உங்களுக்கு ஒன்றும் விளங்காது. அடுத்து சேணத்தைக் காட்டி நிறுத்துங்கள். அடுத்து முதுகில் வையுங்கள், கர்த் மாட்டாமல். அதற்கப்புறம் கர்த்தைத் தொளதொளவென்று மாட்டுங்கள். கடைசியில்தான் இறுக்குவது.

சேணத்தைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தால், அது கற்றுக்கொண்ட பயம். முதுகில் வைக்கும்போது முதுகைத் தாழ்த்தினால், சேணத்தின் அகலத்தையும் முதுகுத் தசையையும் சந்தேகப்படுங்கள். இறுக்கும்போது மட்டும் கடித்தால் கர்த், நெஞ்சுத் தசை, விலா. பிரஷ் வைத்து வயிற்றடியைத் தேய்க்கும்போதே கடிக்க வந்தால் கர்த்தை மறந்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது வயிற்றுப்புண். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவமனையில், சேணம் கட்டும்போது எதிர்ப்புக் காட்டிய 37 குதிரைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது அதிகம் வெளிப்பட்ட காரணம் அதுதான். அதற்கடுத்து நொண்டலும் எலும்பு, மூட்டுக் கோளாறுகளும் வந்தன. குதிரையின் இரைப்பை, தீனி உள்ளே போனாலும் போகாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு வாளி கொள்ளு, மாலையில் ஒரு வாளி கொள்ளு, நடுவில் காலியான தொட்டி என்று வைத்தால் புண் வருவதற்கு நாமே வழி செய்து கொடுக்கிறோம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது உலர்ந்த கணக்கில் நார்த்தீவனம் தினமும் போக வேண்டும். 400 கிலோ குதிரைக்கு அது 6 கிலோ. காய்ந்த புல்லாகப் போட்டால் ஏறக்குறைய 7 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் 30 கிலோ வரை போட வேண்டியிருக்கும்.

உறுதி செய்ய ஒரே வழி எண்டோஸ்கோப்பி. மருந்து என்றால் ஒமிப்ரசோல், வழக்கமாக 28 நாள் வரை. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துக் கொள்ளில் கலந்து கொடுப்பதில் பயனில்லை. மேல்பூச்சு உடைந்த ஒமிப்ரசோல் வயிற்று அமிலத்திலேயே சிதைந்துபோகும். வலிக்கு என்று ஃபினைல்பியூட்டசோன் தொடர்ந்து கொடுத்தால் புண் பெரிதாகும் ஆபத்தும் உண்டு. பெண் குதிரை பருவத்துக்கு வரும் நாட்களில் மட்டும் கடித்தால் அதையும் நாள் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது சேணம். பேட் (சேணத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தை) எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா, முன்னும் பின்னும் மட்டும் பட்டு நடுவில் தூக்கி நிற்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். சவாரி முடிந்ததும் பேட்டின் கீழே முதுகு முழுக்க வியர்த்திருக்க, அங்கங்கே மட்டும் காய்ந்த திட்டு தெரிந்தால் அந்த இடம் அழுந்துகிறது என்று பொருள். வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய சேதம். குதிரைக்கு அகலமான சேணம் ஆடும், ஆடுகிற சேணத்தை நிறுத்த ஆள் கர்த்தை இறுக்குவார், இறுக்கினால் குதிரை கடிக்கும். இந்தச் சங்கிலியில் கர்த் கடைசிக் கண்ணி மட்டுமே.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: குதிரையை நடத்திக் காட்டினால் போதாது, உங்கள் கண்முன் சேணத்தை இறக்கி மறுபடி கட்டச் சொல்லுங்கள். காயடிக்காத ஆண் குதிரை விளையாட்டாகவும் உரிமை காட்டவும் வாய் வைக்கும். அது எப்போது வேண்டுமானாலும் வரும். கர்த்தை இழுக்கும்போது மட்டும் வரும் கடி வேறு. கட்டிக் காட்ட விற்பவர் தயங்கினால் விலையைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடலாம்.

ஐந்து வகைகள்

நைலான் பட்டை: சுற்றுலா இடங்களில் வாடகைக்கு விடும் மட்டக் குதிரைகளில் அடிக்கடி பார்க்கலாம். இரண்டு மூன்று அங்குல அகலத்தில் ஒற்றைப் பட்டை. மலிவு, அறுகாது, கழுவினால் உடனே காயும். நல்லது அவ்வளவுதான். குறுகலான பட்டையில் முழு இழுவிசையும் ஒரு கோட்டில் விழுகிறது. ஓரம் விறைத்துத் தோலை அறுக்கிறது. வியர்வை உப்பு காய்ந்து ஏறியதும் அந்த ஓரம் அரம் போலாகிவிடும். கடிக்கும் குதிரைக்கு இதை மாட்டுவது கடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான்.

தோல் கர்த்: இந்தியாவில் விற்கும் குதிரைக்கான தோல் சாமான்களில் பெரும்பகுதி கான்பூரிலிருந்து வருகிறது. அங்கே அரசின் சேணத் தொழிற்சாலை 1863இல் தொடங்கியது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மூன்று மடிப்பாக மடித்த பழைய பாணித் தோல் கர்த் இன்னமும் நன்றாக உழைக்கும். ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மடிந்து உருண்டிருக்கும் ஓரம்தான் குதிரையின் முழங்கைப் பக்கம், அதாவது முன்னால், வர வேண்டும். வெட்டு ஓரம் முன்னால் வந்தால் அன்றே குதிரையின் தோல் உரியும். மாட்டும் அவசரத்தில் திருப்பி மாட்டுவது சாதாரணமாக நடக்கிறது. எண்ணெய் போடாமல் விட்ட தோல் கர்த் பலகையாகிவிடும். வாரம் ஒருமுறை சேடில் சோப்பு, மாதம் ஒருமுறை தோல் கண்டிஷனர் போட நேரம் இருப்பவர்கள் மட்டும் வாங்குங்கள். நேரான தோல் கர்த்தைவிட, முழங்கைப் பக்கம் குறுக்கி வெட்டிய ஆதர்ஸ்டோன் வடிவம் கடிக்கும் குதிரைக்குப் பல மடங்கு மேல்.

பருத்திக் கயிற்று கர்த்: பத்து இருபது கயிறுகளை இணையாக வைத்து, நடுநடுவே குறுக்கே பின்னியது. காற்று போகும், வியர்வையை உறிஞ்சும், விலையும் குறைவு. சென்னை மாதிரி கசகசப்பான ஊருக்கு ஏற்றது. வாங்கும்போது குறுக்குப் பின்னல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் கயிறுகள் விலகி, இடையில் தோலைக் கவ்விக் கிள்ளும். நான்கைந்து இடத்தில் நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும். கயிறு பருத்தியா மோஹேரா (ஆட்டு ரோமம்) நைலானா என்று கேட்டு வாங்குங்கள். நைலான் கயிறு வழுக்கும், சுருண்டு முறுக்கிக்கொள்ளும். துவைத்த முதல் சில தடவை பருத்தி சற்றுச் சுருங்கும், அதனால் ஓர் அளவு கூடுதலாக எடுப்பதில் தவறில்லை.

நியோப்ரீன்: கடைக்காரர்கள் மென்மையானது என்று முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். தொட்டால் மென்மைதான். ஆனால் காற்று புகாது. அடியில் சூடும் வியர்வையும் அடைபட்டு, நம் வெயிலில் தோல் ஊறிப்போகும். ஊறிய தோல் சுலபமாக உரியும். சில குதிரைகளுக்கு இந்த ரப்பரே ஒவ்வாமல் தடிப்பு வருகிறது. நழுவாமல் பிடிக்கும் என்பதால் தளர்வாகவே மாட்ட முடியும் என்பது இதன் ஒரே பெரிய நன்மை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குச் சரி. சமவெளியில் அரை மணி நேரத்துக்கு மேல் சவாரி என்றால் எடுக்காதீர்கள்.

வளைவு கர்த்: இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரான கர்த் எங்கே அதிகம் அழுத்துகிறது என்று கேட்டால் நெஞ்சுக்குக் கீழே என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அதனால் அங்கேதான் பஞ்சு திணித்தார்கள். பிரிட்டனில் அழுத்தம் அளக்கும் விரிப்பை கர்த்தின் அடியில் வைத்து ஓடவிட்டு அளந்து, 2013இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. உச்ச அழுத்தம் நெஞ்செலும்பில் இல்லை, முழங்கைக்குச் சற்றுப் பின்னால், இரு பக்கமும். முன்னங்கால் பின்னோக்கி வரும் ஒவ்வொரு அடியிலும் தசை அங்கே கர்த்தின் ஓரத்தில் போய் மோதுகிறது. அந்த இடத்தை வெட்டி விலக்கிய கர்த்தைப் போட்டதும் அழுத்தம் குறைந்தது, முன்னங்கால் இன்னும் முன்னால் நீண்டது. ஃபேர்ஃபேக்ஸ் நிறுவனத்தின் கர்த் இந்தக் கண்டுபிடிப்பின் மேல் உருவானது. ஜெர்மனியின் மாட்டஸ் செம்மறித் தோல் வைத்துப் பிறை வடிவில் தருகிறது. அமெரிக்காவின் டோட்டல் சேடில் ஃபிட் வடிவம் இன்னொரு சிக்கலைத் தீர்க்கிறது: நெஞ்சுக்கூடு முன்னால் சரிந்திருக்கும் குதிரைகளில் கர்த் தானாக முன்னுக்கு வழுக்கி, சேணத்தையும் தோளின் மேல் இழுத்துவிடும். இந்த கர்த்தின் நடுப்பகுதி முன்னால் தள்ளி வளைந்திருப்பதால், கர்த் உட்காரும் பள்ளத்தில் அது உட்கார, கர்த்தின் பக்கிளை மாட்டச் சேணத்திலிருந்து தொங்கும் துளையிட்ட வார்கள் பின்னாலேயே நேராகத் தொங்கும். முழங்கைக்கு ஒட்டியே கர்த் உட்காருகிற, அடிக்கடி சேணம் முன்னேறுகிற குதிரைக்கு இந்த மூன்றாவது வடிவமே பொருத்தம்.

இறக்குமதி விலை கையைச் சுடும். அதே வடிவைப் பார்த்து இங்கே தைத்துத் தரும் கர்த்துகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாம், நான்கு இடத்தைச் சோதித்துவிட்டு. குழிவு உண்மையிலேயே முழங்கை வரும் இடத்தில் இருக்கிறதா? சில கர்த்துகளில் அழகுக்காக நடுவில் குழித்து வைத்திருப்பார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. உட்பக்கப் பஞ்சை அழுத்தி விட்டால் திரும்ப எழுகிறதா? தைத்த கோடு தோலில் படும் பக்கம் மேடாகத் தெரிகிறதா? பக்கிள்களில் உருளை இருக்கிறதா? உருளை பக்கிளில் வார் ஒவ்வொரு துளையாக வழுக்கிக்கொண்டு ஏறும். உருளை இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று இழுக்க வேண்டியிருக்கும். கடிக்கும் குதிரைக்கு அந்த வெடுக்கென்ற இழுப்புத்தான் எதிரி. பக்கிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கடலோர ஊர்களில் குரோம் பூச்சு உரிந்து துரு ஏற நாளாகாது.

எலாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் இருந்தால் அந்தப் பக்கம் இழுக்கச் சுலபமாக இருக்கிறது என்று ஆள் தேவைக்கு மேல் இழுத்துவிடுவார். இழுவிசையும் ஒருபக்கமாகிச் சேணம் கோணும். இரு முனையிலும் இருந்தால் சமமாக நீண்டு சுருங்கும், மூச்சு விடும்போது கொடுத்து வாங்கும். இரண்டையும் ஒரே நீளத்துக்கு இழுத்துப் பார்த்து, ஒன்று தொய்ந்திருந்தால் அதை வாங்காதீர்கள். இறுக்கத்தின் விலை என்ன என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பந்தயக் குதிரைகளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது: கர்த்தின் இறுக்கம் கூடக்கூட குதிரை களைத்துப்போவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் குறைந்தது. கடிக்காத குதிரைக்கும் இது பொருந்தும்.

செம்மறி உறை: தனி கர்த் அல்ல, இருக்கிற கர்த்தின் மேல் போடுவது. தோல் உரிந்து ஆறிவரும் குதிரைக்கு நல்ல துணை. செயற்கை ரோமம் நெருஞ்சி முள்ளையும் ஒட்டுப்புல்லையும் வாரிச் சேர்த்துக்கொள்ளும். ஒரு முள் உள்ளே மாட்டினால் மறுநாள் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். ஒவ்வொரு முறையும் மாட்டும் முன் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அசல் செம்மறித் தோல் மழைக்காலத்தில் காய இரண்டு மூன்று நாள் ஆகும், அதனால் இரண்டு உறை வேண்டும்.

புது கர்த்தை மாட்டும் முறை

எவ்வளவு நல்ல கர்த்தாக இருந்தாலும் ஒரே இழுப்பில் மூன்று துளை ஏற்றினால் குதிரை கடிக்கும். இந்தப் பகுதியைச் சைஸுக்கும் (லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்பவர்) படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் தினமும் கர்த் கட்டுவது அவர்தான்.

கட்டுவதற்கு இருபது நிமிடம் முன்னால் ஒரு கைப்பிடி அல்லது இரண்டு கைப்பிடி குதிரை மசாலோ (லூசர்ன் தீவனம்) காய்ந்த புல்லோ போடுங்கள். வயிற்றில் நார் இருந்தால் ஓடும்போது அமிலம் மேலே தெறிப்பது குறையும். முகத்துக்கு நேரே வலைப்பையில் புல்லைத் தொங்கவிட்டால் கட்டும் நேரம் முழுக்க வாய்க்கு வேலை இருக்கும். வெல்லக்கட்டியைக் கையில் வைத்து ஊட்டும் வழக்கத்தை இந்தக் குதிரைகளிடம் அடியோடு நிறுத்துங்கள். கொடுத்தே ஆக வேண்டுமானால் வாளியில் போடுங்கள். கையைத் தேடும் வாய், கிடைக்காதபோது கையைக் கவ்வும்.

வயிற்றடியில் காய்ந்த சேறு, வியர்வை உப்பு, உண்ணி இருக்கிறதா என்று கையாலேயே துழாவுங்கள். பேட்டையும் சேணத்தையும் தோள்மேட்டுக்குச் சற்று முன்னால் வைத்து, முடி படியும் திசையில் பின்னுக்கு நகர்த்துங்கள். முன்னுக்கு நகர்த்தினால் முடி கலைந்து அடியில் மடங்கும். பேட்டின் நடுப்பகுதியைச் சேணத்தின் குடைவுக்குள் தூக்கிவிடுங்கள்.

ஆள் ஒருவர் தலையைப் பிடித்தால், அவர் கட்டுகிறவர் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று கயிறை இழுத்தால் தலை அங்கே போக, பின்பக்கம் கட்டுகிறவரை நோக்கி வரும். தலை நேராக இருந்தால் போதும். ஆளில்லாமல் தனியாகக் கட்டுகிறவர்கள் இரு பக்கமும் கயிறு போட்டுத் தலையை நடுவில் நிறுத்தலாம். கயிற்றை இரும்பு வளையத்தில் நேராகக் கட்டாமல், சாக்குத் தைக்கும் சணல் நூலில் ஒரு வளையம் போட்டு அதில் கட்டுங்கள். பயந்து பின்வாங்கினால் சணல் அறும், கழுத்து தப்பும். இறுக்கும்போது மேலே எழும்பியோ பின்னால் சாய்ந்தோ விழுகிற குதிரையைக் கட்டிவைத்து கர்த் மாட்டவே கூடாது. அது ஆள் பிடித்துத்தான்.

இடப்பக்கம் நிற்பவர் தோளுக்கு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். தள்ளி நின்றால் கடிக்க இடம், உதைக்கவும் இடம். குதிரையின் தலை உங்கள் இடப்பக்கம் இருக்கும், அதனால் இடது முழங்கையை மடித்து வெளியே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள். குதிரை திரும்பினால் தானே வந்து முழங்கையில் மோதும். நீங்கள் அடிக்கவில்லை, கத்தவில்லை, கை அங்கே இருந்தது, அவ்வளவுதான். கடித்தபின் முகத்தில் அறைவதால், அடுத்த தடவை கடித்துவிட்டுத் தலையை வேகமாக இழுத்துக்கொள்ளக் கற்கிறது. சில நாளில் ஹால்டர் (முகவார்) மாட்டவும் தலை கொடுக்காது. வயிற்றில் முட்டியால் குத்தி மூச்சை வெளியேற்றும் பழக்கத்தையும் விடுங்கள். குதிரை காற்றை அடைத்து ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். அது வலிக்கு எதிராக நெஞ்சுத் தசையை இறுக்கிக்கொள்கிறது. பத்தடி நடந்தால் தானே தளரும்.

முதலில் வலப்பக்கம் கர்த்தை மாட்டுங்கள், அடிவயிற்றின் கீழே வீசி எறியாமல் கையால் எடுத்து வாருங்கள். சேணத்தில் மூன்று வார் தொங்கினால் முதலாவதும் இரண்டாவதும், அல்லது முதலாவதும் மூன்றாவதும். இரண்டும் மூன்றும் கூடாது. சேணத்துக்குள் அவை இரண்டும் ஒரே பட்டையில் தைத்தவை, அந்தப் பட்டை அறுந்தால் இரண்டும் சேர்ந்து போகும். முதல் துளை கர்த் தோலைத் தொட்டு நிற்கும் அளவுக்கு மட்டும். பத்துப் பதினைந்து அடி நடத்துங்கள். ஒரு துளை. மறுபடி நடை. வலப்பக்கமும் ஒரு துளை, இரு பக்கமும் சமமாக இருக்கும்படி. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். காது முன்னால் திரும்புகிற, அல்லது உதட்டை நக்குகிற நொடியில் கையை எடுத்துவிட்டு நில்லுங்கள். அந்த ஓய்வுதான் குதிரைக்குப் பரிசு. ஏறும் முன் முன்னங்கால் ஒவ்வொன்றையும் மெதுவாக முன்னால் நீட்டிவிட்டால் கர்த்தின் அடியில் மடங்கிய தோல் நேராகும்.

இறுக்கம் சரியா என்று பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்ப்பது தவறான அளவு. அங்கே உடல் உள்வாங்கியிருப்பதால் எப்போதும் தளர்வாகத்தான் தெரியும். முன்னங்கால்களுக்கு இடையில், நெஞ்செலும்பின் கீழே இரண்டு விரல் தட்டையாகப் போக வேண்டும். முழங்கைக்கும் கர்த்துக்கும் நடுவே நான்கு விரல் அகலம். ஏறுவதற்குத் திண்ணையோ மேடையோ ஏணிப்படியோ பயன்படுத்துங்கள். தரையிலிருந்து அங்கவடியில் தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுபடும், அதைத் தடுக்கத்தான் கர்த்தை அவ்வளவு இறுக்க வேண்டியிருக்கிறது. மேடை இருந்தால் ஒரு துளை குறைவாகவே போதும்.

வலி தீர்ந்த பிறகும் பழக்கம் சில வாரம் இருக்கும். புண் ஆறிவிட்டது, சேணம் சரி, கர்த் புதிது, இன்னும் ஏன் கடிக்கிறது என்று அவசரப்படாதீர்கள். அதுவரை தோலில் செய்த வாய்க்கூடு மாட்டிக் கட்டுவதில் தவறில்லை. கட்டி முடித்ததும் கழற்றிவிட வேண்டும். கடி பட்டுவிட்டால், தோல் கிழியாவிட்டாலும் உள்ளே தசை நசுங்கியிருக்கும். கிழிந்திருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசியோடு, வெறிநோய் தடுப்பூசி வேண்டுமா என்றும் கேளுங்கள். குதிரைக்கும் வெறிநோய் வரும்.

அளவு எடுப்பதும் பராமரிப்பும்

ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் அளவில்தான் தவறுகிறார்கள். பேட்டும் சேணமும் போட்டு, ஒரு பக்கம் வாரின் நடுத்துளையிலிருந்து வயிற்றடி வழியாக மறுபக்க வாரின் நடுத்துளை வரை டேப் பிடியுங்கள். அதுதான் கர்த்தின் நீளம், பக்கிள் நுனியிலிருந்து பக்கிள் நுனி வரை. நீள கர்த்துகள் பொதுவாக 100 முதல் 140 சென்டிமீட்டர் வரை, 5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரும். இங்கே அங்குலத்தில் கேட்டாலும் கொடுப்பார்கள், இரண்டு அங்குலத்துக்கு ஓர் அளவு. நெஞ்சு குறுகலான மார்வாரி, கத்தியவாரி குதிரைக்கு எடுத்த அளவை பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தரோபிரெட்டுக்கு அப்படியே வாங்காதீர்கள். வார்கள் நீளமாகத் தொங்கும் டிரெஸ்ஸேஜ் (பயிற்சி நடைப் போட்டி) சேணத்துக்குக் குட்டை கர்த் வேண்டும். அதில் பக்கிள் முழங்கை உயரத்தில் வந்து நின்றால், நீங்கள் போட்ட பணம் முழுக்க வீண். ஒரு கையகலம் மேலே, பேட்டின் மேல் படும்படி இருக்க வேண்டும். ஒல்லியான குதிரை தேறி வருகிறது என்றால் இன்று கீழ்த் துளையில் மாட்டும் அளவு வாங்காமல் நடுத்துளை அளவே வாங்குங்கள்.

பெட்டி வந்ததும் மண் படாமல், சுத்தமான துணியைப் போட்டு அதன்மேல் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். முடி ஒட்டிவிட்டால் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுக்காது. தையலை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், முதலில் விடுவது எலாஸ்டிக் கர்த்தோடு சேரும் தையல். கர்த்தைச் சவாரி முடிந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துப்போகும். ஒரு குதிரைக்கு ஒரு கர்த். படர்தாமரை ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குக் கர்த் வழியாகவும் போகும், அந்த அரிப்புள்ள தோலில் கர்த் பட்டால் நேற்றுவரை சாதுவாக நின்ற குதிரையும் இன்று கழுத்தைத் திருப்பும்.